சைக்கிளுக்கு கியர் எதற்கு என்று கேட்ட காலம்.. மலைக்காட்டு ரோட்டில் விடை தேடிய வெலோசியோ யார்?

கிராவல் பைக்கிங் என்ற வார்த்தை இப்போது சைக்கிள் பிரியர்கள் மத்தியில் அதிகம் அடிபடுகிறது. தார் ரோட்டை விட்டு விலகி, காட்டுக்குள் போகும் கப்பி ரோடு, மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட மண் பாதை, மலை கிராமங்களை இணைக்கும் சரளைக்கல் சாலை என்று சைக்கிளில் சுற்றுவதுதான் இது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2006-ல் சிலர் சேர்ந்து தொடங்கிய 200 மைல் கப்பி ரோடு போட்டி, இன்று உலகப் புகழ் பெற்றுவிட்டது. 2022-ல் இத்தாலியில் இதற்கென்றே முதல் உலக சாம்பியன்ஷிப்பும் நடந்தது.

இந்த வகை சைக்கிளைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். ஒன்று, அகலமான டயர். இன்னொன்று, பின் சக்கரத்தில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி பெரிதாக இருக்கும் பல்சக்கரம். செங்குத்தான ஏற்றத்திலும் இறங்கித் தள்ளாமல் மிதித்துக்கொண்டே போக உதவுவது அந்தப் பெரிய பல்சக்கரம்தான்.

இந்த இரண்டுக்காகவும் 100 ஆண்டுகளுக்கு முன்பே வாதாடிய ஒருவர் பிரான்சில் இருந்தார். பெயர் பால் தெ விவி. ஆனால், அவர் எழுதிய புனைபெயரான வெலோசியோ என்பதுதான் உலகுக்குத் தெரியும். சைக்கிளில் கியர் என்பது பலவீனர்களின் சாதனம் என்று பெரிய மனிதர்கள் கேலி செய்த காலத்தில், சாதாரண மனிதனும் மலை ஏறலாம் என்று சொன்னவர் அவர். யார் இந்த வெலோசியோ? அவருடைய வாதம் எப்படி ஜெயித்தது? விரிவாகப் பார்க்கலாம்.

பட்டு வியாபாரியின் புதுப் பைத்தியம்

பால் தெ விவி பிறந்தது 1853 ஏப்ரல் 29-ல். ஊர், தெற்கு பிரான்சில் உள்ள பெர்ன் லெ ஃபோன்டேன். பின்னாளில் அவர் வாழ்க்கை முழுக்கக் கழிந்தது செயின்ட் எட்டியென் நகரில்.

செயின்ட் எட்டியென் அப்போது ஒரு தொழில் நகரம். நிலக்கரிச் சுரங்கம், துப்பாக்கித் தொழிற்சாலை, பட்டு ரிப்பன் நெசவு என்று எப்போதும் சத்தமும் புகையுமாக இருக்கும் ஊர். தெ விவியும் பட்டு வியாபாரத்தில்தான் இருந்தார். 30 வயதை எட்டுவதற்குள் சொந்தத் தொழில், குடும்பம், குழந்தைகள் என்று செட்டில் ஆகிவிட்டார்.

1881-ல், 28 வயதில், ஒரு சைக்கிள் வாங்கினார். நாம் இன்று பார்க்கும் சைக்கிள் இல்லை. முன் சக்கரம் ஆள் உயரத்துக்கு, பின் சக்கரம் குட்டியாக இருக்கும் பழைய மாடல். விழுந்தால் தலைகுப்புறத்தான் விழ வேண்டும். ஆறு மணி நேரத்தில் 100 கிலோமீட்டர் போக முடியுமா என்று ஒரு நண்பர் சவால் விட, தெ விவி கிளம்பிவிட்டார். லா ஷேஸ் தியூ என்ற மலை ஊரை நோக்கிப் போனார். வழியெல்லாம் மலை, காடு, சிற்றூர்கள். சவாலுக்காகக் கிளம்பியவரை அந்தப் பாதை பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் பழைய பட்டு வியாபாரியாக இருக்கவில்லை.

1887-ல் பட்டுத் தொழிலை விட்டுவிட்டு சைக்கிள் கடை திறந்தார். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் இருந்து சைக்கிள்களை வரவழைத்து விற்றார். அதே ஆண்டில் சொந்தமாக ஒரு பத்திரிகையும் தொடங்கினார். அதுதான் பின்னர் லெ சிக்ளிஸ்ட் என்ற பெயரில் பிரபலமானது. 1889-ல் லா கோலுவாஸ் என்ற பெயரில் தன் சொந்த சைக்கிளையும் தயாரித்தார். செயின் உண்டு, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் கியர்? ஒன்றே ஒன்று.

நகரத்துக்கு மேலே ஒரு காடு

இங்கே அந்த ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். செயின்ட் எட்டியென் கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊருக்குத் தென்கிழக்கே எழுந்து நிற்கிறது பிலா மலைத்தொடர். நகரத்தை விட்டு தெற்கே கிளம்பினால் ரோடு உடனே ஏறத் தொடங்கிவிடும். சுமார் 12 கிலோமீட்டர் விடாத ஏற்றம். உச்சியில் 1,161 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய். அதற்கு கோல் டி லா ரிபப்ளிக் என்று பெயர். உள்ளூரில் இன்னொரு பெயரும் உண்டு. அதன் பொருள் பெரிய காட்டுக் கணவாய். இரண்டு பக்கமும் ஃபிர் மரங்கள் அடர்ந்து நிற்கும் இடம் என்பதால் அந்தப் பெயர் பொருத்தம்தான்.

அந்தக் காலத்தில் தார் ரோடு கிடையாது. உடைத்த கல்லைப் பரப்பி, ரோலர் ஓட்டி இறுக்கிய கப்பி ரோடுதான் நல்ல ரோடு. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. குதிரை வண்டிச் சக்கரங்கள் போட்ட பள்ளம் வேறு. காட்டுக்குள் போனால் அதுவும் இருக்காது. சொல்லப்போனால் அன்று சைக்கிள் ஓட்டிய எல்லோருமே கிராவல் ரைடர்கள்தான்.

கடைக்காரர் தெ விவிக்கு வீட்டை விட்டு வெளியே வந்தாலே இந்த மலைதான். ஒரு சைக்கிள் நல்லதா, மோசமா என்று பார்க்க அவர் அதை இந்த ஏற்றத்தில்தான் ஓட்டிப் பார்த்தார்.

ஒரே கியர் இருந்தால் என்ன பிரச்சினை?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது புரியும். பெடல் பக்கம் 44 பல் கொண்ட சக்கரம், பின்னால் 16 பல் கொண்ட சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின் வீல் 2.75 சுற்று சுற்றும். சைக்கிள் கிட்டத்தட்ட 5.8 மீட்டர் முன்னேறும். சமதளத்தில் இது அருமை.

ஆனால், 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் மலை ரோட்டில் என்ன ஆகும்? ஒவ்வொரு சுற்று மிதிக்கும்போதும் நம் உடம்பையும் சைக்கிளையும் சேர்த்து சுமார் 29 சென்டிமீட்டர் மேலே தூக்க வேண்டும். இப்படியே 12 கிலோமீட்டர். மேம்பாலத்தில் ஒத்தை கியர் சைக்கிளில் தம் கட்டி ஏறியவர்களுக்கு இந்த வலி தெரியும். பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் நடக்கும்.

இப்போது முன்னால் 32 பல், பின்னால் 40 பல் என்று மாற்றுங்கள். ஒரு சுற்றுக்கு சைக்கிள் சுமார் 1.7 மீட்டர்தான் போகும். ஆனால் தூக்க வேண்டிய உயரம் 8 சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஒரு கிலோமீட்டர் ஏற, முதல் கியரில் சுமார் 170 சுற்று மிதித்தால் போதும் என்றால், இதில் 600 சுற்று மிதிக்க வேண்டும். மொத்த வேலை ஒன்றுதான். அதைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்துச் செய்கிறோம். பெரிய மூட்டையை ஒரேயடியாகத் தூக்குவதற்குப் பதில், பிரித்துப் பிரித்துக் கொண்டுபோகிற மாதிரி.

கப்பி ரோட்டில் இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பெரிய கியரில் எழுந்து நின்று அழுத்தி மிதித்தால், பின் வீல் மேல் எடை குறைந்து கல்லில் வழுக்கும். சின்ன கியரில் உட்கார்ந்தபடியே நிதானமாக மிதித்தால் டயர் தரையைப் பிடித்துக்கொள்ளும்.

பைப் பிடித்தபடி முந்திய வாசகர்

வெலோசியோவை கியர் பக்கம் திருப்பிய சம்பவமாக ஒன்று இன்றும் சொல்லப்படுகிறது. ஒருநாள் அவர் அந்தக் கணவாயில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார். அவரை விட வயதில் சின்னவரான, அவர் பத்திரிகையின் வாசகர் ஒருவர், வாயில் பைப் புகைத்தபடி சாவகாசமாக அவரைத் தாண்டிப் போனார்.

இன்னும் அழுத்தி மிதித்தால் அவரைப் பிடிக்கலாம். ஆனால் அதற்குப் பெரிய கியர் வேண்டும். பெரிய கியர் போட்டால் செங்குத்தான இடத்தில் ஏற முடியாது. சின்ன கியர் போட்டால் சமதளத்தில் வேகம் இருக்காது. அப்படியானால் ஒரே சைக்கிளில் இரண்டும் இருந்தால் என்ன?

முதலில் அவர் செய்தது மிக எளிமையான வேலை. பெடல் பக்கம் இரண்டாவதாக ஒரு பல்சக்கரத்தைச் சேர்த்தார். ஏற்றம் வந்ததும் இறங்கி, கையால் செயினைத் தூக்கி சின்ன சக்கரத்தில் மாட்ட வேண்டும். கையெல்லாம் கிரீஸ் ஆகும். ஆனால் மலை ஏறலாம். அதன் பிறகு பல வகைகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். 1900-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இருந்த ஒரு யோசனையையும் தன் அமைப்பையும் சேர்த்து நான்கு கியர் கொண்ட சைக்கிளையும் உருவாக்கினார். ஓடிக்கொண்டிருக்கும்போதே செயினை ஒரு பல்சக்கரத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டீரெய்லியர் என்ற கருவி பிரபலமாக அவருடைய சோதனைகளும் எழுத்தும் முக்கியக் காரணம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கியர் என்பது வெலோசியோ ஒருவரே கண்டுபிடித்தது இல்லை. இங்கிலாந்திலும் பிரான்சிலும் பலர் அதில் வேலை செய்தார்கள். அவருடைய பங்கு வேறு. கிடைத்த ஒவ்வொரு கருவியையும் மலையில் ஓட்டிப் பார்த்து, எது உழைக்கிறது, எது உடைகிறது என்று பத்திரிகையில் எழுதினார். வாசகர்களும் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பினார்கள். இப்படி அவரைச் சுற்றி உருவான குழுவை செயின்ட் எட்டியென் பள்ளி என்றே அழைத்தார்கள்.

டயர் விஷயத்திலும் அப்படித்தான். ஒல்லியான டயர்தான் வேகம் என்று எல்லோரும் நம்பியபோது, கரடுமுரடான ரோட்டில் அகலமான, மென்மையான டயர்தான் உடம்பைக் காப்பாற்றும் என்று அவர் எழுதிவந்தார்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?

எதிர் தரப்பில் இருந்தவர் லேசுப்பட்டவர் இல்லை. ஹென்றி டெக்ராஞ்ச். 1893-ல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டி சாதனை படைத்தவர். பின்னாளில் விளையாட்டு நாளிதழ் ஆசிரியர். 1903-ல் டூர் டி பிரான்ஸ் போட்டியைத் தொடங்கியவரும் அவர்தான்.

1902-ல் பிரான்சின் சுற்றுலா சங்கம் ஒன்று, பிரனீஸ் மலையில் 2,115 மீட்டர் உயரமுள்ள டூர்மலே கணவாயில் சைக்கிள்களுக்குச் சோதனை வைத்தது. அதில் மார்த் ஹெஸ் என்ற பெண், மூன்று கியர் கொண்ட கோலுவாஸ் சைக்கிளில் கலந்துகொண்டார். ஏற்றத்தில் இறங்கித் தள்ளாமல் மிதித்தே ஏறினார். சைக்கிள் ஓட்டும் பெண்களை ஏற இறங்கப் பார்த்த காலம் அது.

டெக்ராஞ்ச் இதை ரசிக்கவில்லை. கியர் எல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான், இயந்திரத்தின் தந்திரத்தை விட தசை வலிமையால் ஜெயிப்பதே பெருமை என்ற பொருளில் எழுதினார். தனக்கும் தன் வாசகர்களுக்கும் ஒரே கியர் போதும் என்பது அவர் நிலைப்பாடு. அவர் நடத்திய டூரிலும் அதுவே சட்டமானது.

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. ஆரம்பகால கியர்கள் கனமானவை. சேறு பட்டால் சிக்கிக்கொள்ளும், செயின் கழன்று விழும். பந்தய வீரருக்கு அது பெரிய இடைஞ்சல். ஆனால் விவாதம் தொழில்நுட்பத்தோடு நிற்கவில்லை. சைக்கிளில் மலை ஏறுவது யாருக்கு உரியது என்பதுதான் உண்மையான கேள்வி. டெக்ராஞ்சுக்கு அது பலசாலிகளின் களம். வெலோசியோவுக்கு அது கடைக்காரர், ஆசிரியர், பெண்கள், வயதானவர்கள் என எல்லோருக்கும் உரிய வழி.

நடந்து ஏறிய சாம்பியன்

வேடிக்கை என்னவென்றால், முதல் டூர் டி பிரான்சே வெலோசியோவின் வீட்டு மலை வழியாகத்தான் போனது. 1903 ஜூலையில் லியோனில் இருந்து மார்செய் வரையிலான இரண்டாம் கட்டத்தில் வீரர்கள் கோல் டி லா ரிபப்ளிக் ஏறினார்கள். 1904-ல் அதே காட்டில் இரவு நேரத்தில், உள்ளூர் வீரர் ஒருவரின் ஆதரவாளர்கள் மற்ற வீரர்களை அடித்து விரட்டிய கலவரமும் நடந்தது.

1910-ல் டெக்ராஞ்சின் போட்டி முதல்முறையாக டூர்மலே ஏறியது. எட்டு ஆண்டுகளுக்கு முன் மார்த் ஹெஸ் மிதித்து ஏறிய அதே மலை. பிரான்சின் சிறந்த வீரர்களில் பெரும்பாலானோர் அங்கே இறங்கி நடந்தார்கள். அந்த ஆண்டு டூரையே வென்ற ஆக்டாவ் லாபிஸும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். கரடுமுரடான பாதையில் அவர் நடந்து போகும் புகைப்படம் இன்றும் பிரபலம்.

அந்தக் காலத்து வீரர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். பின் வீலின் இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவில் பல்சக்கரம் இருக்கும். மலை அடிவாரத்தில் இறங்கி, வீலைக் கழற்றி, திருப்பி மாட்டுவார்கள். உச்சியில் மறுபடியும் அதே வேலை. கியர் வேண்டாம் என்று சொன்ன போட்டியில், கியரின் தேவை இப்படிப் பின் வாசல் வழியாக வந்துகொண்டுதான் இருந்தது.

காட்டு வழிக்கு சில விதிகள்

வெலோசியோ போட்டிகளில் ஆர்வம் காட்டியவர் இல்லை. நீண்ட பயணம்தான் அவருக்குப் பிடித்தது. இரவில் விளக்கு மாட்டிக்கொண்டு கிளம்பி, விடியும்போது வேறொரு மலையில் இருப்பார். ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போவார். ஈஸ்டர் சமயத்தில் நண்பர்களோடு தெற்கே புரோவான்ஸ் பகுதிக்குச் சைக்கிளில் போவது வழக்கம். அவர் சுத்த சைவம். எல்லா நாட்டவரும் பேச ஒரு பொது மொழி வேண்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெரான்டோவிலும் ஆர்வம் கொண்டவர்.

நீண்ட பயணம் போகிறவர்களுக்கு அவர் சொல்லிவைத்த ஏழு அறிவுரைகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. பசி எடுக்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது, தாகம் வருவதற்கு முன்பே குடிப்பது, அடிக்கடி நின்று நேரத்தை வீணாக்காமல் இருப்பது, பசியும் தூக்கமும் கெடும் அளவுக்கு உடம்பை வருத்தாமல் இருப்பது, குளிர் தாக்கும் முன்பே உடை போட்டுக்கொள்வது, பயணத்தில் மது, இறைச்சி, புகையிலையைத் தவிர்ப்பது, முதல் சில மணி நேரத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது என்று அவை போகும். அந்த ஏழில் கடைசி, வீம்புக்காகப் பெடல் மிதிக்கக் கூடாது என்பது.

காட்டு வழியில் இவை எல்லாம் எவ்வளவு முக்கியம் என்பதை யோசித்துப் பாருங்கள். டீக்கடை இல்லாத 40 கிலோமீட்டர் பாதையில் பசி வந்த பிறகு யோசித்துப் பயனில்லை. மலை ஏறும்போது வேர்த்துக் கொட்டும். உச்சியைத் தாண்டி இறங்கும்போது அதே வேர்வை உடம்பை நடுங்க வைத்துவிடும்.

பார்க்காமல் போன வெற்றி

1922-ல் வெலோசியோவைக் கௌரவிக்க அவருடைய அன்பர்கள் ஒரு நாளை ஏற்பாடு செய்தார்கள். செயின்ட் எட்டியெனில் இருந்து கணவாய் உச்சி வரை எல்லோரும் சேர்ந்து ஏறுவதுதான் நிகழ்ச்சி. ஜெயிக்க வேகம் தேவைப்பட்டவர்கள் வேகமாக ஏறினார்கள். மற்றவர்கள் பேசிக்கொண்டே ஏறினார்கள். வெலோசியோ நாள் என்று பெயர் பெற்ற அந்த நிகழ்ச்சி, அவர் மறைவுக்குப் பிறகும் பல்லாண்டுகள் தொடர்ந்தது.

1930 பிப்ரவரியில் செயின்ட் எட்டியென் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது, ஒரு காருக்கு வழிவிட ஒதுங்கிய வெலோசியோ மீது டிராம் மோதியது. 76 வயதில் உயிர் பிரிந்தது. எத்தனையோ இரவுகள் தனியாக மலை இறங்கிய மனிதரை, சொந்த ஊர்த் தெரு பலி வாங்கியது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1937-ல், டூர் டி பிரான்ஸ் டீரெய்லியர் கியரை அனுமதித்தது. டெக்ராஞ்ச் அதற்கு முந்தைய ஆண்டுதான் போட்டிப் பொறுப்பில் இருந்து விலகியிருந்தார். 1937 டூரை கியர் சைக்கிளில் வென்றவர் ரோஜே லாபெபி. அதன் பிறகு ஒத்தை கியர் பந்தய சைக்கிள் மலைப்பக்கம் திரும்பவே இல்லை.

இன்று அந்த மலை எப்படி இருக்கிறது?

பிலா மலைப் பகுதி 1974-ல் பிராந்திய இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் உயரமான சிகரம் கிரே டி லா பெர்ட்ரி, சுமார் 1,432 மீட்டர். உச்சிப் பகுதிகளில் உடைந்த பாறைகள் குவியல் குவியலாகச் சரிந்து கிடக்கும். அவற்றை உள்ளூரில் ஷிரா என்கிறார்கள். கிழக்கே பார்த்தால் ரோன் நதிப் பள்ளத்தாக்கு. வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் ஆல்ப்ஸ் மலையும் தெரியும்.

வெலோசியோ ஏறிய கணவாய் ரோடு இன்று முழுக்கத் தார் போட்டது. கார்களும் லாரிகளும் போகும் சாலை. உச்சியில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆனால் அவர் காலத்து ரோட்டைப் பார்க்க வேண்டும் என்றால், சாலையை விட்டு விலகி ஃபிர் மரங்களுக்குள் போகும் காட்டுப் பாதைகளில்தான் திரும்ப வேண்டும். கல்லும் மண்ணும் ஊசி இலைகளும் கலந்த பாதை.

அங்கே இன்று அகலமான டயரும் பெரிய பின் பல்சக்கரமுமாக சைக்கிளில் வருகிறவர்களுக்கு 20 வயதும் இருக்கலாம், 60 வயதும் இருக்கலாம். ஏற்றம் கடினமானால் விரலால் ஒரு லீவரைத் தட்டினால் போதும், செயின் ஏறிக்கொள்ளும். அந்த ஒரு தட்டு பலவீனத்தின் அடையாளம் என்று இப்போது யாரும் சொல்வதில்லை.